இரண்டு நாள் டிரெய்னிங், ஆறு மாத அனுபவம்: குடும்ப வன்முறைப் பயிற்சி குறித்து ஒரு கிராம செவிலியர்

பயிற்சி முடிந்த அன்று மாலை நாலே முக்காலுக்குக் கருத்துப் படிவம் கொடுத்தார்கள். 'மிக நன்று, நன்று, சுமார்' என்று மூன்று கட்டம். பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் எல்லாவற்றுக்கும் 'மிக நன்று' போட்டுக் கொடுத்துவிட்டு ஓடினேன். அதைத் திரும்ப வாங்கி எழுத முடியாது, அதனால்தான் இது. இப்போது ஆறு மாதம் ஆகிவிட்டது. இந்த மாதிரிப் பயிற்சி எப்படி இருந்தது என்று நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது சொல்ல முடியாது. ஒரு வீட்டுக்குள் போய், மாமியார் பக்கத்தில் நிற்க, மருமகள் கையில் கன்றிப்போன தடத்தைப் பார்க்கிறபோதுதான் என்ன கற்றுக்கொண்டோம், எது விட்டுப்போனது என்று தெரிகிறது.

நான் சேலம் மாவட்டத்தில் கிராம சுகாதார செவிலியர். 22 வருஷ சர்வீஸ். ஊரில் எனக்குப் பெயர் 'நர்சம்மா'தான். கர்ப்பிணிகளைப் பதிவு செய்வது, எடை, பிரஷர் பார்ப்பது, தடுப்பூசி, பிரசவம் முடிந்ததும் வீட்டுக்குப் போய்த் தாயையும் பிள்ளையையும் பார்ப்பது எல்லாம் என் வேலை. ஒரு வீட்டின் சமையலறை வரைக்கும் போய், 'எதுக்கு வந்தீங்க' என்று யாரும் கேட்காமல் ஒரு பெண்ணோடு பேசக்கூடிய ஆட்கள் ஊரில் அதிகம் பேர் இல்லை. நாங்கள், அங்கன்வாடி டீச்சர், மக்களைத் தேடி மருத்துவத்தில் சுகர், பிரஷர் பார்க்க வீடு வீடாகப் போகும் தன்னார்வலர்கள், அவ்வளவுதான். எங்களைத்தான் அழைத்திருந்தார்கள். மொத்தம் 40 பேர்.

நடத்தியது ஒரு தொண்டு நிறுவனம். குறைகளையும் எழுதப் போவதால் பெயர் வேண்டாம். கட்டணம் இல்லை, பஸ் சார்ஜ் கொடுத்தார்கள். கல்யாண மண்டபத்தின் மேல்மாடியில் சின்ன ஹால். சாப்பாடு நன்றாகவே இருந்தது.

முதல் நாள் காலையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது சரியாக அமையவில்லை. ஒரு வக்கீல் வந்து மூன்று மணி நேரம் சட்டம் எடுத்தார். திரையில் பொடி எழுத்து, பாதி ஆங்கிலம். வரிசையாகப் பிரிவு எண்களைப் படித்தார். அதிலும் ஒரு ஸ்லைடில், கணவனும் அவன் வீட்டாரும் மனைவியைக் கொடுமைப்படுத்தும் குற்றத்துக்கு இன்னும் பழைய தண்டனைச் சட்டத்தின் 498ஏ பிரிவு என்றே இருந்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது, அந்தக் குற்றம் இப்போது அதில் 85ஆம் பிரிவு. நாளைக்கு ஒரு பெண் ஸ்டேஷனுக்குப் போகும்போது நாங்கள் பழைய எண்ணைச் சொல்லி அனுப்பினால், அங்கே அவளுக்குத்தான் தலைகுனிவு. சட்டம் எடுப்பவர் இதைப் பார்த்துக்கொண்டு வந்திருக்க வேண்டும்.

ஆனால் அந்த மூன்று மணி நேரத்திலும் எனக்கு உதவிய விஷயங்கள் இருந்தன. அவற்றை மட்டும் தமிழில், ஒரே பக்கத்தில், பெரிய எழுத்தில் கொடுத்திருந்தால் அரை மணி நேரம் போதும். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் அடியை மட்டும் வன்முறை என்று சொல்லவில்லை. பாலியல் கொடுமை, வார்த்தையால் நோகடிப்பது, பணத்தைப் பிடுங்கி வைத்துக்கொள்வது எல்லாமே அதில் வருகின்றன. மனைவிக்கு மட்டுமான சட்டமும் இல்லை. ஒரே வீட்டில் இருக்கும் அம்மா, அக்கா தங்கை, விதவை மருமகள் எல்லோரும் அதன் கீழ் வருவார்கள். வீடு யார் பெயரில் இருந்தாலும் அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமை அவளுக்கு உண்டு. புகார் எழுதிக்கொண்டு வந்தால்தான் வைத்தியம் பார்ப்போம் என்று எந்த ஆஸ்பத்திரியும் திருப்பி அனுப்பக் கூடாது.

அப்புறம் அதே குடும்ப வன்முறைச் சட்டத்தின் நாலாவது பிரிவு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சின்ன வயசுத் தன்னார்வலர் எழுந்து, "நாங்க போய்ச் சொன்னா நாளைக்கு எங்களைக் கோர்ட்டுக்கு இழுப்பாங்களா சார்?" என்று கேட்டார். ஹாலில் எல்லோர் மனசிலும் இருந்த கேள்வி அது. நல்லெண்ணத்தோடு யார் வேண்டுமானாலும், இந்தச் சட்டத்துக்காக அரசு நியமித்திருக்கும் பாதுகாப்பு அலுவலரிடம் தகவல் சொல்லலாம், அதற்காக அவர்மேல் எந்த வழக்கும் போட முடியாது என்று வக்கீல் சொன்னார். எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். காலை முழுக்க யாரும் நோட்டில் எழுதாத ஹாலில், இதை மட்டும் எல்லோரும் எழுதினார்கள்.

மதியத்துக்குப் பிறகு வந்தவர் அரசு ஆஸ்பத்திரி காயப் பிரிவில் பல வருஷம் வேலை செய்து ஓய்வு பெற்ற செவிலியர். இந்தப் பயிற்சிக்கு நான் கொடுக்கும் மதிப்பெண்ணில் பாதி அந்த அம்மாவுக்கு. திரையை அணைக்கச் சொல்லிவிட்டு நடுவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். "நிஜமாவே கீழே விழுந்தா எங்க அடிபடும், சொல்லுங்க" என்றார். உள்ளங்கை, முட்டி, முழங்கை என்று சொன்னோம். "அப்போ காதுக்குப் பின்னால எப்படிக் கன்றும்? மேல்கையில நாலு விரல் தடம் எப்படி வரும்? தலையைக் காப்பாத்தக் கையைத் தூக்கினா எந்தப் பக்கம் அடிபடும்?" என்று கேட்டுக்கொண்டே தன் முன்கையைத் தூக்கிக் காட்டினார். சுண்டுவிரல் பக்கம். 22 வருஷமாக பிரஷர் பார்க்கக் கையில் பட்டை சுற்றியிருக்கிறேன். எத்தனை முன்கைகளைப் பார்த்திருப்பேன்! 'பாத்ரூமில் வழுக்கி விழுந்துட்டேன் நர்சம்மா' என்றதை அப்படியே நம்பி, செருப்பு மாற்றச் சொல்லியிருக்கிறேன்.

உடம்பில் தெரியாத அடையாளங்களையும் சொன்னார். முதல் பிள்ளைக்கு மூன்றாம் மாதமே பதிவு செய்த பெண் இரண்டாவதுக்கு ஆறாம் மாதம் வருகிறாள். இரும்புச்சத்து மாத்திரை அட்டை பிரிக்காமல் கிடக்கிறது. தலைவலி, வயிற்றுவலி என்று திரும்பத் திரும்ப வருகிறாள், பரிசோதனையில் ஒன்றுமில்லை. கேள்வி கேட்டால் பதில் கணவனிடமிருந்து வருகிறது. அவள் பதில் சொல்லும் முன் அவன் முகத்தைப் பார்க்கிறாள். இதில் ஏதோ ஒன்று இருந்தாலே வன்முறை என்று முடிவு கட்டக் கூடாது, ஆனால் கேட்காமல் விடவும் கூடாது என்றார்.

அதற்குப் பிறகு அவர் சொன்னது எனக்குச் சுருக்கென்று தைத்தது. கழுத்தை நெரித்தால் பல சமயம் வெளியே தடமே தெரியாது. குரல் கம்மும். எச்சில் விழுங்க வலிக்கும். கண் வெள்ளையில் சின்னச் சிவப்புப் புள்ளிகள் வரலாம். அந்த நேரம் நினைவு தப்பியதா, தன்னையறியாமல் சிறுநீர் போனதா என்று கேளுங்கள், உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள், சில நேரம் ஒரு நாள் இரண்டு நாள் கழித்துக்கூட மூச்சுக்கு ஆபத்து வரும் என்றார். ஒரு முறை கழுத்தை நெரித்தவன் பின்னாளில் கொலை வரை போகும் வாய்ப்பு பல மடங்கு அதிகம் என்று ஆராய்ச்சிகளில் தெரிய வந்திருக்கிறது என்றும் சொன்னார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு பெண் குரல் கம்மி என்னிடம் வந்தாள். கழுத்தில் துண்டு சுற்றியிருந்தாள். வெயில் காலம். 'தொண்டை வலிக்குது' என்றாள். உப்புத் தண்ணீர் கொப்புளிக்கச் சொல்லி, காய்ச்சல் மாத்திரை கொடுத்து அனுப்பினேன். அவள் இப்போது அம்மா வீட்டில் பிள்ளைகளோடு நன்றாக இருக்கிறாள். தானாகத் தப்பித்துப் போனாள், என்னால் இல்லை. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. இந்த ஒரு மணி நேரத்தை நாட்டில் உள்ள ஒவ்வொரு களப் பணியாளருக்கும், 108 வண்டியில் வருபவர்களுக்கும், ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர்களுக்கும் கட்டாயமாகக் கொடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன். டாக்டர்கள் யாரையும் இந்தப் பயிற்சிக்கு அழைக்கவில்லை. இது பெரிய குறை. நான் சந்தேகப்பட்டு அனுப்புகிற பெண்ணை அங்கே பார்ப்பவருக்கு இது தெரியாவிட்டால், அவரும் உப்புத் தண்ணீர்தான் சொல்வார்.

இரண்டாம் நாள் காலைதான் பயிற்சியின் உயிர். பேசிப் பழகச் செய்தார்கள். இரண்டிரண்டு பேராக உட்காரவைத்து, ஒருத்தர் செவிலியர், ஒருத்தர் கர்ப்பிணி. மூன்றாவதாக ஒருத்தர் மாமியாராக வாசல்படியில் நிற்க வேண்டும். என்னோடு கர்ப்பிணியாக நடித்த அங்கன்வாடி டீச்சர், "அவரு குடிச்சா மட்டும்தான் அடிப்பாரு நர்சம்மா, மத்தபடி நல்லவரு" என்றார். நான் யோசிக்கவே இல்லை, வாயிலிருந்து வந்துவிட்டது: "கொஞ்சம் அனுசரிச்சுப் போ கண்ணு, பிள்ளை பொறந்தா எல்லாம் சரியாயிடும்."

பயிற்சி கொடுத்த அம்மா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். திட்டவில்லை. "இதை இதுவரைக்கும் எத்தனை பேர்கிட்ட சொல்லியிருப்பீங்க?" என்று மெதுவாகக் கேட்டார். என்னால் எண்ணிச் சொல்ல முடியவில்லை. என் அம்மா எனக்குச் சொன்னது, நான் என் தங்கைக்குச் சொன்னது, வேலைக்கு வந்த நாளிலிருந்து திண்ணை திண்ணையாகச் சொன்னது. நல்ல மனசோடுதான் சொன்னேன். கேட்டவளுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும் என்று அந்த டீச்சர் பிறகு சொன்னார்: "நீங்க அப்படிச் சொன்னதும், நடிப்புதான்னு தெரிஞ்சும், இனி இவங்ககிட்ட ஒண்ணும் சொல்லக் கூடாதுன்னு தோணிடுச்சு அக்கா."

அந்த இடத்தில் வைத்துக்கொள்ள வேறு வார்த்தை கொடுத்தார்கள். உலக சுகாதார நிறுவனம் 2014இல் சுகாதாரப் பணியாளர்களுக்காகக் கொண்டுவந்த கையேட்டில் ஐந்து படிகள் உண்டு. காது கொடுத்துக் கேட்பது, அவளுக்கு என்ன வேண்டும் என்று விசாரிப்பது, அவளை நம்புகிறோம் என்று தெரியவைப்பது, பாதுகாப்புக்கு வழி பார்ப்பது, உதவி கிடைக்கும் இடத்தோடு இணைப்பது. இதை எங்கள் பேச்சுத் தமிழுக்குக் கொண்டுவந்ததுதான் இவர்கள் செய்த நல்ல வேலை. "நீ சொல்றதை நான் நம்பறேன்." "இது உன் தப்பு இல்லை." "இப்ப வீட்டுக்குப் போறது பயமா இருக்கா?" "உனக்கு என்ன செஞ்சா நல்லா இருக்கும்?" சின்னச் சின்ன வாக்கியங்கள். பத்துப் பதினைந்து முறை சத்தமாகச் சொல்லிப் பழகினோம். முதலில் நாக்கு வரவில்லை. 'உன் தப்பு இல்லை' என்று சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைத்தது.

அப்புறம் சும்மா இருக்கப் பழக்கினார்கள். கேள்வியைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு ஒரு நிமிஷம். கடிகாரத்தைப் பார்த்தால் ஒரு நிமிஷம் எவ்வளவு நீளம்! நாங்கள் பத்து விநாடியிலேயே "சரி விடு, மாத்திரை சாப்பிடறியா?" என்று பேச்சை மாற்றிவிட்டோம். அவள் சொல்ல வாயெடுக்கிற நேரத்தில் நாமே அவளுக்குத் தப்பிக்கும் வழி கொடுத்துவிடுகிறோம் என்று அப்போதுதான் புரிந்தது.

தனியாகப் பேசுவது எப்படி என்பதுதான் எங்கள் எல்லோருக்கும் பெரிய சிக்கல். வீட்டில் முடியாது. கணவன், மாமியார், நாத்தனார், பக்கத்து வீட்டு ஆயா என்று சுற்றி ஆள் இருக்கும். இதற்குப் பதில் பயிற்சியாளரிடமிருந்து வரவில்லை, எங்களுக்குள் இருந்தே வந்தது. ஒரு மூத்த செவிலியர், "யூரின் டெஸ்டுக்குப் பாட்டில் கொடுத்து அனுப்புவோமே, அப்ப கூடப் போய்க் கேட்டா என்ன?" என்றார். சிறுநீர்ப் பரிசோதனைக்குக் கணவன் கூட வர மாட்டான், மாமியாரும் வர மாட்டார். துணை சுகாதார நிலையத்தில் கழிப்பறைக்குப் போகிற நடைபாதையில் இரண்டு நிமிஷம் கிடைக்கும். இந்த ஒரு யோசனைக்காகவே 40 பேரை ஒரே ஹாலில் உட்காரவைத்தது தகும். பயிற்சி நடத்துபவர்கள் இப்படி எங்கள் வாயிலிருந்து வருவதற்கு இன்னும் கூடுதல் நேரம் விடலாம். அந்தச் சட்ட வகுப்பைச் சுருக்கினால் நேரம் இருக்கிறது.

செய்யக் கூடாதவற்றையும் தெளிவாகச் சொன்னார்கள். கணவனிடம் போய் நியாயம் கேட்கக் கூடாது, அன்று ராத்திரி அதற்கான விலையை அவள்தான் கொடுப்பாள். 'வீட்டை விட்டு வந்துடு' என்று நாம் சொல்லக் கூடாது. விட்டுப் போகிற நேரமும் போன பிறகு வரும் நாட்களும்தான் மிகவும் ஆபத்தானவை, அந்த முடிவையும் அந்த நாளையும் அவள்தான் குறிக்க வேண்டும். கர்ப்பிணி அட்டையில் ஒரு வார்த்தைகூட எழுதக் கூடாது, அதை வீட்டில் எல்லோரும் புரட்டுவார்கள். எல்லோரிடமும் கேட்கலாமா என்று ஒருவர் கேட்டதற்கு, வருகிற எல்லாப் பெண்களையும் வரிசையாகக் கேட்கச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் சொல்லவில்லை, அடையாளம் தெரிந்தால், தனிமை கிடைத்தால், அடுத்து எங்கே அனுப்புவது என்று கையில் இருந்தால் கேளுங்கள் என்றார்கள்.

அடுத்து எங்கே அனுப்புவது. இரண்டாம் நாள் மதியம் அதுதான் பாடம், பயிற்சி சறுக்கியதும் அங்கேதான்.

ஒரு பக்கத்தில் போன் நம்பர் பட்டியல் கொடுத்தார்கள். மாவட்டப் பாதுகாப்பு அலுவலர், ஒருங்கிணைந்த சேவை மையம், சட்டப் பணிகள் ஆணைக்குழு, காப்பகம் என்று வரிசையாக. படித்துக் காட்டினார்கள். சந்தேகம் இருக்கிறதா என்றார்கள். முடிந்தது. அந்த இடங்களிலிருந்து ஒருவர்கூட ஹாலுக்கு வரவில்லை. இரண்டு நாள் கழித்து பட்டியலில் இருந்த எண்களை ஒவ்வொன்றாக அழைத்துப் பார்த்தேன். ஓர் எண் உபயோகத்தில் இல்லை. நானாக இருந்ததால் பரவாயில்லை. ராத்திரி பதினொரு மணிக்குக் கழிவறைக்குள் ஒளிந்துகொண்டு ஒரு பெண் அந்த எண்ணை அழுத்தியிருந்தால்? அச்சடிக்கும் முன் ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொரு எண்ணாகக் கூப்பிட்டுப் பார்த்திருக்க வேண்டாமா? இதை அந்த நிறுவனத்துக்கு எழுதினேன், திருத்திய பட்டியல் அனுப்பினார்கள். அதற்கு நன்றி.

பெண்களுக்குக் கொடுக்கச் சொல்லித் தந்த துண்டுப் பிரசுரமும் அப்படித்தான். ரோஸ் கலர், மேலே கொட்டை எழுத்தில் 'குடும்ப வன்முறையா?' என்று. அதை எந்தப் பெண் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவாள்? எங்கள் அலமாரியில் கட்டாகக் கிடக்கிறது. நான் இப்போது பெண்கள் உதவி எண்ணான 181ஐ மட்டும் வாயால் சொல்லி மனப்பாடம் செய்யவைக்கிறேன். மூன்றே இலக்கம், எழுதிவைக்கத் தேவையில்லை, இருபத்து நாலு மணி நேரமும் உண்டு. இலவசச் சட்ட உதவிக்கு 15100. பெண்களுக்கு அதற்கு வருமான வரம்பு கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன், ஏனென்றால் 'வக்கீலுக்குக் கொடுக்கக் காசு ஏது' என்பதுதான் எல்லோரும் முதலில் கேட்பது.

ஒருங்கிணைந்த சேவை மையம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. 2015இல் ஆரம்பித்த திட்டம், பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது, நான் ஒரு தடவைகூட உள்ளே போனதில்லை. எனக்கே தெரியாத இடத்துக்கு ஒரு பெண்ணைப் 'போ' என்று எப்படிச் சொல்வேன்? ஒரு சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு நானே போனேன். அங்கே இருந்த ஆலோசகர் உட்காரச் சொல்லி, எல்லாவற்றையும் காட்டினார். மருத்துவ உதவி, போலீஸ், வக்கீல், ஆலோசனை எல்லாம் ஒரே இடத்திலிருந்து ஏற்பாடு செய்வார்கள். பிள்ளையோடு சில நாள் தங்கலாம். நான் பார்த்து மனசில் வைத்துக்கொண்டது கட்டிலையும் கதவையும். கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருந்தது. இப்போது நான் சொல்லும்போது, "அங்க ஒரு கட்டில் இருக்கு கண்ணு, உள்பக்கமா தாழ்ப்பாள் போட்டுக்கலாம், பிள்ளைக்குப் பால் கொடுப்பாங்க" என்கிறேன். கேட்கிறவள் முகம் மாறுவதைப் பார்க்கிறேன். பட்டியலில் இருந்த எந்த எண்ணாலும் அது நடக்கவில்லை. இரண்டாம் நாள் மதியம் எங்களை ஒரு வேனில் ஏற்றி அங்கே கூட்டிப்போயிருந்தால் எல்லோருக்கும் இது கிடைத்திருக்கும்.

டீ குடிக்கும்போது அந்தப் பயிற்சியாளர் அம்மா இரண்டு விஷயங்கள் சொன்னார். ஒன்று, மும்பை பாந்த்ராவில் இருக்கும் பாபா மாநகராட்சி மருத்துவமனையில் இருபத்தைந்து வருஷத்துக்கு முன்பே ஆரம்பித்த திலாசா மையம். ஆஸ்பத்திரிக்குள்ளேயே ஆலோசகர் இருப்பார். காய்ச்சலுக்கு வந்த பெண்ணை, சந்தேகம் வந்தால் நர்ஸ் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போய் விடலாம், அவள் வீட்டில் வேறு காரணம் சொல்ல வேண்டாம். இன்னொன்று இங்கிலாந்தில் நடந்த ஆய்வு, பிறகு என் மகளிடம் சொல்லித் தேடிப் படித்தேன். பிரிஸ்டலிலும் லண்டன் ஹாக்னியிலும் 48 குடும்ப மருத்துவர் நிலையங்களை எடுத்து, பாதிக்குப் பயிற்சியோடு சேர்த்து, பெண்களை நேரடியாக ஒப்படைக்க ஒரு குறிப்பிட்ட ஆலோசகரையும் கொடுத்தார்கள். ஒரு வருஷத்தில் அந்த 24 நிலையங்கள் 223 பெண்களை அனுப்பின. மற்ற 24 நிலையங்களிலிருந்து 12 பேர்தான். அங்கே பயிற்சியையும் ஆளையும் சேர்த்தே கொடுத்திருக்கிறார்கள். எங்கள் பயிற்சியில் எனக்குக் கிடைக்காதது அந்த ஆள். பெயர் தெரிந்த, முகம் தெரிந்த, போன் போட்டால் 'சொல்லுங்க சிஸ்டர்' என்று எடுக்கிற ஒருத்தர்.

இன்னொரு குறையும் சொல்லியாக வேண்டும், இதைச் சொல்லாமல் விட்டால் எனக்கு நிம்மதி இருக்காது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் கல்யாணமான பெண்களில் 18 முதல் 49 வயதுக்குள் இருப்பவர்களில் 38 சதவீதம் பேர் கணவனிடம் வன்முறையை அனுபவித்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். நாட்டின் சராசரி 29. நாடு முழுக்க, அடிபட்டவர்களில் 14 சதவீதம் பேர்தான் யாரிடமாவது உதவி கேட்டார்கள். இதைத் திரையில் காட்டினார்கள். ஹாலில் 40 பெண்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள், பதினைந்து பேர். இடைவேளையில் கைகழுவும் இடத்தில் ஒருத்தர் முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தார், தண்ணீர் நிற்கவில்லை. நான் பக்கத்தில் நின்றேன். அன்று காலை கற்றுக்கொண்டதுதான், சும்மா நின்றேன். யாருக்காவது மனசு கனத்தால் வெளியே போய் உட்காரலாம், இன்னாரிடம் பேசலாம் என்று ஆரம்பத்திலேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பேச ஒருவரைத் தனியாக உட்காரவைத்திருக்கலாம். அடுத்தவளுக்கு உதவக் கற்றுக்கொடுக்க வந்த இடத்தில், வந்தவர்களிலேயே அவள் இருப்பாள் என்று நடத்தியவர்களுக்குத் தோன்றாதது எனக்கு வருத்தம்.

சரி, களத்தில் என்ன ஆனது என்று ஒன்றைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

இரண்டாவது பிள்ளை, ஏழாம் மாதம். எடை ஏறவில்லை. மாத்திரை அட்டை அப்படியே இருந்தது. யூரின் பாட்டிலைக் கொடுத்துவிட்டு நடைபாதையில் கேட்டேன்: "வீட்ல யாரையாவது பார்த்தா பயமா இருக்கா?" தலையை ஆட்டி இல்லை என்றாள். நான் வற்புறுத்தவில்லை. "எப்பவாவது பேசணும்னு தோணினா நான் இங்கதான் இருப்பேன்" என்றேன். அடுத்த மாதமும் கேட்டேன். அப்போதும் இல்லை. மூன்றாவது தடவை நான் கேட்கும் முன்பே நின்றுவிட்டாள். கேட்டேன், பிறகு வாயை மூடிக்கொண்டேன். சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் சொன்னாள்.

பழைய நானாக இருந்தால் அன்றே அவள் அம்மா வீட்டுக்குப் போன் போட்டிருப்பேன், நாலு பெரியவர்களைக் கூட்டியிருப்பேன். அன்று, "உனக்கு என்ன செஞ்சா நல்லா இருக்கும்?" என்று கேட்டேன். அவள் கேட்டது நான் எதிர்பார்க்காதது. "ஏடிஎம் கார்டு வேணும் நர்சம்மா." முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் பணம் அவள் கணக்குக்குத்தான் வருகிறது. கணக்கு அவள் பெயரில், கார்டும் போனும் அவன் சட்டைப்பையில். அந்தப் பணம் வந்ததா, வரவில்லையா என்றே அவளுக்குத் தெரியாது. விண்ணப்பத்தை இத்தனை வருஷமாகப் பதிவு செய்து கொடுப்பவள் நான். பணத்தை எடுப்பது யார் என்று ஒருத்தியிடமாவது கேட்டிருப்பேனா? பயிற்சியில் 'பொருளாதார வன்முறை' என்று ஒரு வரியில் தாண்டிப்போனது எங்கள் வேலையில் இவ்வளவு பக்கத்தில் கிடக்கிறது. அடுத்த முறை இதற்கே ஒரு மணி நேரம் ஒதுக்கலாம்.

அன்று என் போனிலிருந்து அவளே 181க்குப் பேசினாள். நான் வெளியே நின்று யாரும் வராமல் பார்த்துக்கொண்டேன். பிறகு நடந்ததெல்லாம் அவள் கதை, நான் சொல்லக் கூடாது. பிரசவம் நல்லபடியாக ஆயிற்று. போன வாரம் ஒன்றரை மாதத் தடுப்பூசிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தனியாக வந்தாள். எடை போட்டேன், நாலு கிலோ இருநூறு. கிளம்பும்போது பையிலிருந்து பாஸ்புக்கை எடுத்து, கடைசியாக என்ட்ரி போட்ட பக்கத்தைப் பிரித்துக் காட்டிவிட்டுத் திரும்ப உள்ளே வைத்துக்கொண்டாள். ஒன்றும் சொல்லவில்லை.

உங்கள் வட்டாரத்தில் இந்த மாதிரிப் பயிற்சிக்கு அழைத்தால் போங்கள். முதல் நாள் காலை பொறுமையாக உட்காருங்கள், மதியத்திலிருந்து நோட்டைத் திறந்து வையுங்கள். முடித்த வாரமே அருகில் உள்ள சேவை மையத்துக்கு ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். நடத்துபவர்களுக்கு நான் கேட்பது: டாக்டர்களையும் 108 ஊழியர்களையும் சேர்த்து அழையுங்கள், பாதுகாப்பு அலுவலரை ஹாலுக்கு வரவழைத்து எங்களிடம் அறிமுகப்படுத்துங்கள், நாங்கள் பழகியது மறக்கும் முன் மூன்று மாதத்தில் திரும்ப ஒரு நாள் கூப்பிடுங்கள். அந்த ஓய்வு பெற்ற செவிலியர் அம்மாவை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.